யார் காத்தது? – ரஷ்ய அருங்காட்சியகங்களுக்குப் போகிறவர்களுக்கு

(நூலக வாசகர் வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரஷ்யாவுக்குப் போனால் எந்தெந்த அருங்காட்சியகங்களைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். நம்மில் பலருக்கு ரஷ்யா முதலில் ஒரு புத்தகமாகத்தான் கைக்கு வந்தது. மாஸ்கோவில் அச்சாகி, கெட்டி அட்டையோடு, ஏழை மாணவனும் வாங்கக்கூடிய விலையில் வந்த தமிழ் மொழிபெயர்ப்புகளைப் படித்து வளர்ந்த தலைமுறை இந்த அவையில் நிறையவே இருக்கிறது. அந்தப் புத்தகங்களின் பின்னால் இருந்த வீடுகளையும் தெருக்களையும் முகங்களையும் நேரில் காண்பது ஒரு பேறு.

அந்தப் பேற்றை வீணடித்துவிடவும் கூடும். ஹெர்மிட்டேஜில் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட அரும்பொருள்கள் உண்டு என்று எந்தக் கையேட்டைத் திறந்தாலும் போட்டிருக்கும். அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போகிறவர் கூடம் கூடமாக ஓடுவார். மாலையில் களைப்போடு வெளியே வருவார். நான் உங்களிடம் வேறொரு கேள்வியைக் கொடுத்து அனுப்ப விரும்புகிறேன். எந்தப் பொருளின் முன் நின்றாலும், 'இது எப்படி இன்றுவரை பிழைத்து வந்தது, யார் காத்தது?' என்று கேளுங்கள். இரண்டு உலகப் போர்கள், புரட்சி, உள்நாட்டுப் போர், பஞ்சம், ஸ்டாலின் காலத்துக் கைதுகள் எல்லாம் ஒரே நூற்றாண்டுக்குள் வந்து போன நாடு அது. அங்கே சுவரில் ஒரு படம் இன்னும் தொங்குகிறது என்றால், அதைக் காக்க யாரோ சிலர் தம் வாழ்வைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மனிதர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். நெவா ஆற்றின் கரையில் குளிர்கால அரண்மனை நிற்கிறது. பேரரசி இரண்டாம் கேத்தரின் 1764-ல் பெர்லின் வணிகர் ஒருவரிடமிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வாங்கினார். பிரஷ்ய மன்னர் பிரெடரிக்குக்காகச் சேர்க்கப்பட்டவை அவை. ஏழாண்டுப் போரில் கருவூலம் காலியாகியிருந்ததால் மன்னரால் வாங்க முடியவில்லை, கேத்தரின் வாங்கிக்கொண்டார். ஹெர்மிட்டேஜ் தன் பிறந்த ஆண்டாகக் கொள்வது அந்த 1764-ஐத்தான். பொதுமக்களுக்கு அது திறந்தது 1852-ல். அப்போதும் அரண்மனை அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி, உரிய உடை அணிந்து வந்தவர்கள்தான் உள்ளே நுழைய முடிந்தது.

சேர்த்தவர்களின் கதை அது. காத்தவர்களின் கதைக்கு 1941-க்கு வர வேண்டும். அந்த ஆண்டு ஜூன் 22 அன்று ஹிட்லரின் படை சோவியத் நாட்டுக்குள் புகுந்தது. ஹெர்மிட்டேஜின் இயக்குநராக இருந்தவர் இயோசிப் ஓர்பெலி என்ற கீழ்த்திசை அறிஞர். ஊழியர்கள் இரவு பகல் பாராமல் ஓவியங்களைச் சட்டகங்களிலிருந்து கழற்றிப் பெட்டிகளில் அடுக்கினார்கள். ஜூலை தொடக்கத்தில் ஒரு ரயில், அதே மாதம் 20-ஆம் தேதி இன்னொரு ரயில். இரண்டிலுமாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் யூரல் மலைப்பகுதியில் இருக்கும் ஸ்வெர்த்லோவ்ஸ்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது ரயிலுக்கும் பெட்டிகள் தயாராயின. அது புறப்படுமுன், செப்டம்பர் 8 அன்று, முற்றுகை வளையம் மூடிக்கொண்டது.

அப்போது லெனின்கிராட் என்று பெயர் பெற்றிருந்த அந்நகரின் முற்றுகை 872 நாள் நீடித்தது. பட்டினியாலும் குளிராலும் குண்டுவீச்சாலும் லட்சக்கணக்கான மக்கள் மாண்டார்கள். அரண்மனையின் நிலவறைகள் குண்டுக் காப்பிடங்களாயின. ஊழியர்களும் குடும்பங்களும் அறிஞர்களுமாக ஏறத்தாழ 2,000 பேர் அங்கே குடியிருந்தார்கள். அந்தச் சூழலில் அவர்கள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. 1941 அக்டோபரில் பாரசீக மொழிக் கவிஞர் நிசாமியின் 800-ஆவது பிறந்த ஆண்டு விழாவை அங்கே நடத்தினார்கள். டிசம்பரில் உஸ்பெக் கவிஞர் நவாயியின் 500-ஆவது ஆண்டு விழா. அலுவலக ஊழியருக்கும் குழந்தைக்கும் நாளொன்றுக்கு 125 கிராம் ரொட்டி என்று அளந்து கொடுத்த மாதம் அது. நவாயியின் கவிதைகளை மொழிபெயர்த்து வாசித்தவர் நிற்கவும் தெம்பில்லாத நிலையில் வாசித்தார். சில நாள்களிலேயே இறந்துபோனார். பசியால் சாகப்போகிறோம் என்று தெரிந்தும், அயல்மொழிக் கவிஞர் ஒருவருக்கு விழா எடுப்பது தங்கள் கடமை என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஓவியங்களை அனுப்பியபோது சட்டகங்களைச் சுவரிலேயே விட்டுவைத்தார்கள். போர் முடிந்து படங்கள் திரும்பினால் எது எங்கே என்று தெரிய வேண்டுமே. குண்டு விழுந்து நொறுங்கிய கண்ணாடியையும் இடிபாட்டையும் அகற்ற இளம் படைவீரர்கள் சிலர் வந்து உழைத்தார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல பாவெல் குப்செவ்ஸ்கி என்ற வழிகாட்டி ஒரு வழி கண்டார். வெற்றுச் சட்டகங்களின் முன் அவர்களை நிறுத்தி, இங்கே ரெம்ப்ராண்ட், இங்கே லியனார்டோ என்று ஒவ்வொரு படத்தையும் நினைவிலிருந்தே விவரித்தார். இல்லாத ஓவியங்களை அந்த வீரர்கள் கூர்ந்து பார்த்தார்கள். 1945 அக்டோபரில் பெட்டிகள் திரும்பின. நவம்பரில் கூடங்கள் மக்களுக்குத் திறந்தன.

ஹெர்மிட்டேஜில் உங்களுக்கு அரை நாள்தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேராக ரெம்ப்ராண்ட் கூடத்துக்குப் போங்கள். 'ஊதாரி மகனின் திரும்புதல்' அங்கே ஆளுயரத்துக்கு மேலாக நிற்கிறது. மொட்டைத் தலை, கிழிந்த உடை, செருப்பு நழுவிய பாதம் என மண்டியிட்டிருக்கும் மகன். அவன் முதுகில் படிந்திருக்கும் கிழத் தகப்பனின் இரு கைகள். மகனின் முகம் நமக்குத் தெரியாது. அந்தக் கைகளைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிடும். அங்கேயே 'டனே' என்ற ஓவியத்தையும் தேடிப் பாருங்கள். 1985 ஜூன் 15 அன்று பார்வையாளனாக வந்த ஒருவன் அதைக் கத்தியால் குத்தி, கந்தக அமிலத்தையும் ஊற்றினான். வண்ணம் உருகித் தரையில் வழிந்தது. சீரமைப்பாளர்கள் 12 ஆண்டுகள் உழைத்தார்கள். அழிந்துபோன பகுதிகளை ரெம்ப்ராண்டின் கைபோல வரைந்து நிரப்பி ஏமாற்ற அவர்கள் விரும்பவில்லை. எஞ்சியதை நிலைப்படுத்தி, காயத்தின் சுவடு தெரியும்படியே 1997-ல் மக்கள் முன் வைத்தார்கள். அவர்களுடைய நேர்மையையும் அந்த ஓவியத்தில் காணலாம்.

காக்கத் தவறிய கதையும் உண்டு. 1930, 1931 ஆண்டுகளில் அந்நியச் செலாவணிக்காக அரசே ஹெர்மிட்டேஜின் ஓவியங்களை ரகசியமாக விற்றது. அமெரிக்கச் செல்வர் ஆண்ட்ரூ மெல்லன் 21 ஓவியங்களை வாங்கினார். ரபேலின் 'ஆல்பா மடோனா' அவற்றில் ஒன்று. வாஷிங்டனின் தேசிய ஓவியக்கூடம் அந்த ஓவியங்களை அடித்தளமாகக் கொண்டு எழுந்தது. போரின்போது ஊழியர்கள் பட்டினி கிடந்து காத்த களஞ்சியத்தில், அதற்குப் பத்தாண்டு முன்னரே ஆட்சியாளர்கள் கைவைத்திருந்தார்கள். இரண்டையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்து மாஸ்கோ. லவ்ருஷின்ஸ்கி சந்தில், பழங்கதை மாளிகைபோல முகப்பு கொண்ட ஒரு கட்டடம் இருக்கிறது. அதுதான் ட்ரெத்யாகோவ் கலைக்கூடம். இதைத் தொடங்கியது அரச குடும்பம் அன்று. பாவெல் ட்ரெத்யாகோவ் என்ற துணி வணிகர். 1856-ல், இருபதுகளில் இருந்த அவர், ரஷ்ய ஓவியர்களின் படங்களை வாங்கத் தொடங்கினார். பணக்காரர்கள் இத்தாலிய, பிரெஞ்சு ஓவியங்களையே மதித்த காலம். அவரோ தன் நாட்டு ஓவியர்களின் பட்டறைகளுக்கே போய், வண்ணம் காயுமுன் படங்களை வாங்கினார். 1892-ல், ஏறத்தாழ 2,000 படைப்புகளை, இறந்துபோன தம்பி செர்கேய் சேர்த்தவற்றையும் உள்ளடக்கி, வீட்டோடு மாஸ்கோ நகருக்குக் கொடுத்துவிட்டார். எல்லோரும் கட்டணமின்றிப் பார்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வாசகர்களாகிய நாம் அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். எழுத்தாளர்களின் உருவப்படங்களை வரைய ஓவியர்களை அனுப்பியவர் அவர். கைகளைக் கோத்து முழங்காலைப் பற்றியபடி, எங்கோ ஆழத்தில் பார்வையைச் செலுத்தியிருக்கும் தஸ்தயேவ்ஸ்கியின் படம் நினைவிருக்கிறதா? பெரோவ் 1872-ல் வரைந்தது. ட்ரெத்யாகோவ் கேட்டுக்கொண்டதால் வரைந்தது. 1873-ல் கிராம்ஸ்கோய் வரைந்த டால்ஸ்டாய் படமும் அப்படியே பிறந்தது. நம் புத்தக அட்டைகளில் நாம் பார்த்துப் பழகிய முகங்களை நமக்குக் கொடுத்தவர் அந்த வணிகர்.

அங்கே இருக்கும் ஓவியர் ரேபினின் 'கொடூர இவானும் அவன் மகனும்' என்ற படம் 1885-ல் வரையப்பட்டது. கோபத்தில் மகனை அடித்துக் கொன்றுவிட்டு, வழியும் குருதியைக் கையால் அடைக்க முயலும் ஜார் மன்னனின் வெறித்த கண்கள் அதில் இருக்கின்றன. அன்றைய அரசு அதைக் காட்சிக்கு வைக்கத் தடை போட்டது. சில மாதங்களில் தடை விலகியது. 1913-ல் ஒருவன் கத்தியால் அதைக் கிழித்தான். கலைக்கூடத்தின் பொறுப்பாளராக இருந்த க்ருஸ்லோவ் அந்தத் துயரம் தாங்காமல் ரயில் முன் பாய்ந்து உயிரை விட்டார். 2018 மே மாதம் மறுபடியும் ஒருவன் இரும்புக் கம்பத்தால் தாக்கினான். மறுபடியும் சீரமைப்பாளர்கள் உட்கார்ந்தார்கள்.

இதே கலைக்கூடத்தில் இந்தியாவும் இருக்கிறது. வெரெஷ்சாகின் என்ற ஓவியர் 1870-களில் நம் நாட்டில் சுற்றி வரைந்தார். தாஜ்மகாலை வெயில் பளிச்சிட அவர் தீட்டிய படத்தை இங்கே காணலாம். வேல்ஸ் இளவரசரின் ஜெய்ப்பூர் ஊர்வலத்தை அவர் வரைந்த பெரும்படம் கொல்கத்தா விக்டோரியா நினைவகத்தில் இருக்கிறது. ட்ரெத்யாகோவில் அவருடைய 'போரின் உச்சம்' என்ற 1871-ஆம் ஆண்டு ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். பாலைவெளியில் மண்டையோடுகளின் குவியல், அதன் மேல் காக்கைகள். எக்காலத்துக்குமான மாபெரும் வெற்றியாளர்களுக்கு அதைக் காணிக்கையாக்கி அவர் சட்டகத்தில் எழுதிவைத்தார். மறுபடியும் போர் நடக்கும் இக்காலத்தில் அந்தப் படம் அந்த நாட்டின் தலைநகரிலேயே தொங்குகிறது.

ஒரு செய்தி: ருப்லியோவின் புகழ்பெற்ற 'மூவொருமை' திருவோவியத்தைப் பழைய கையேடுகள் இந்தக் கலைக்கூடத்தில் தேடச் சொல்லும். 2023-ல் அது ரஷ்ய மரபுவழித் திருச்சபையிடம் ஒப்படைக்கப்பட்டது. அறுநூறு ஆண்டுப் பழைய மரப்பலகை இடமாற்றத்தையும் மெழுகுவர்த்திப் புகையையும் தாங்குமா என்று கலைப் பாதுகாப்பு வல்லுநர்கள் கவலைப்பட்டார்கள். ஒரு பொருள் யாருடையது, அதைக் காக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை.

மீண்டும் பீட்டர்ஸ்பர்க் வருவோம். நெவாவின் அக்கரையில் குன்ஸ்ட்காமரா என்ற கோபுரக் கட்டடம் உண்டு. 1714-ல் மகா பீட்டர் தொடங்கிய, ரஷ்யாவின் முதல் அருங்காட்சியகம். மக்கள் வர வேண்டும், கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக நுழைவுக் கட்டணம் வேண்டாம் என்றதோடு, வந்தவர்களுக்கு உபசாரமும் செய்யச் சொன்னார். பெரும்பாலான பயணிகள் கண்ணாடிக் குடுவைகளில் பாடம்செய்து வைத்திருக்கும் உடற்கூறுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இந்தியக் கூடத்துக்குப் போங்கள். அலெக்சாண்டர் மெர்வார்த், லுட்மிலா மெர்வார்த் என்ற கணவன் மனைவியை இந்த அருங்காட்சியகம் 1914-ல் கீழ்த்திசைக்கு அனுப்பியது. 1918 வரை இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் அலைந்து, மக்களோடு தங்கி, அவர்களின் அன்றாடப் பொருள்களைச் சேகரித்தார்கள். தமிழைக் கற்றார்கள். உலகப் போரும் புரட்சியும் குறுக்கிட்டதில் சேகரித்தவை ஊர் போய்ச் சேரப் பல ஆண்டுகள் பிடித்தன. அலெக்சாண்டர் லெனின்கிராடில் தமிழ் கற்பித்தார். தமிழ்ப் பேச்சுமொழிக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கணம் எழுதி 1929-ல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, அறிவியல் கழக அறிஞர்கள் மீது பொய்யாகத் தொடுத்த வழக்கில் கைதானார். 1932-ல் சிறைமுகாமில் இறந்தார். நம் மொழியை நேசித்த அந்த மனிதரை நாம் அறியாமல் இருப்பது சரியல்ல. அந்தக் கூடத்தில் ஒரு நிமிடம் அவர் பெயரைச் சொல்லி நில்லுங்கள்.

பெரிய கூடங்கள் போதும். இனி வீடுகளுக்குப் போவோம். எழுத்தாளர்களின் வீட்டை அப்படியே காத்து வைப்பதில் ரஷ்யர்களுக்கு நிகர் ரஷ்யர்களே. மாஸ்கோவின் ஹமோவ்னிகியில் டால்ஸ்டாய் 1882 முதல் 1901 வரை குளிர்காலங்களைக் கழித்த மரவீடு இருக்கிறது. சாப்பாட்டு மேசை, பிள்ளைகளின் அறைகள், அவர் தன் கையால் தைத்த பூட்ஸ்கள், முதுமையில் ஓட்டக் கற்றுக்கொண்ட மிதிவண்டி எல்லாம் உண்டு. எழுதும் அறையில் நாற்காலியின் உயரத்தைக் கவனியுங்கள். கண்ணாடி அணிய விரும்பாத கிட்டப்பார்வைக்காரரான அவர், தாளுக்கு அருகில் முகம் வரும்படி நாற்காலிக் கால்களை அறுத்துவிட்டார். 'புத்துயிர்ப்பு' நாவலை எழுதியது அங்கேதான். ஏழு வயது நிறையுமுன் இறந்துபோன கடைசி மகன் வானிச்காவின் அறையில் அவன் விளையாட்டுச் சாமான்கள் இன்னும் இருக்கின்றன.

மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டரில், தூலா நகருக்கு அருகே, அவருடைய பூர்வீகப் பண்ணை யாஸ்னயா போல்யானா இருக்கிறது. 1941 இலையுதிர் காலத்தில் ஜெர்மன் படை அதைப் பிடித்துக்கொண்டது. பின்வாங்கும்போது வீட்டுக்குத் தீ வைத்தது. அருங்காட்சியக ஊழியர்களே தீயை அணைத்தார்கள். முக்கியப் பொருள்களை முன்னதாகவே சைபீரியாவின் தோம்ஸ்க் நகருக்கு அனுப்பியிருந்ததால் அவை தப்பின. 20,000-க்கும் மேற்பட்ட நூல்கள் கொண்ட அவர் நூலகம் இன்றும் அங்கே இருக்கிறது. 1908-ல் ஓர் இந்தியருக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் திருக்குறளை எடுத்தாண்டவர் அவர். காந்தியடிகள் அந்தக் கடிதத்தைக் குஜராத்தியில் மொழிபெயர்த்து வெளியிட்டார். வீட்டிலிருந்து மரங்களினூடே நடந்தால் அவர் கல்லறை. கல் இல்லை, சிலுவை இல்லை, பெயர்கூட இல்லை. புல் மூடிய ஒரு மண்மேடு மட்டுமே. அப்படியே இருக்கட்டும் என்றது அவர் விருப்பம். நூறாண்டுக்கும் மேலாக, எத்தனையோ ஆட்சிகள் மாறியும், அதை மதித்திருக்கிறார்கள்.

பீட்டர்ஸ்பர்கில் குஸ்னெச்னி சந்தில் தஸ்தயேவ்ஸ்கியின் கடைசிக் குடியிருப்பு. 'கரமசோவ் சகோதரர்கள்' எழுதியது அங்கேதான். அவர் இறந்த நாளில் மகள் லூபா அந்தச் செய்தியைக் குறித்துவைத்த சிகரெட் பெட்டி அங்கே இருக்கிறது. ஒரு குழந்தையின் கையெழுத்தில் இருக்கும் அந்தச் சிறு பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்த குடும்பத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இனி நான் சொல்லப்போவது மனத்துக்குக் கடினமானது. அருங்காட்சியகத்தையே அழித்துவிடவும் முடியும். முற்றுகையைத் தாக்குப்பிடித்த லெனின்கிராட் மக்கள், 1946-ல் தங்களுக்கென்று ஒரு முற்றுகை அருங்காட்சியகம் அமைத்தார்கள். வீட்டிலிருந்த நாட்குறிப்புகளையும் ரொட்டிச் சீட்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். நகரத்தின் தலைவர்கள் மீது ஸ்டாலினுக்கு ஐயம் எழுந்தது. 1949-ல் அருங்காட்சியகம் மூடப்பட்டது. அதன் இயக்குநராக முன்பு இருந்த லேவ் ராகோவ் பின்னர் கைதானார். பொருள்கள் சிதறின, பல அழிந்தன. 1989-ல்தான் அது மீண்டும் திறந்தது. மறுபடியும் பொருள் கேட்டபோது, நாற்பது ஆண்டுகளாக வீட்டில் பொத்திவைத்திருந்ததை மக்கள் எடுத்து வந்தார்கள். ஸோல்யனோய் சந்தில் இருக்கும் அந்த இடத்தைக் கட்டாயம் பாருங்கள். 125 கிராம் ரொட்டி எவ்வளவு சிறியது என்று உங்கள் கண்ணாலேயே அறிவீர்கள்.

இந்தப் போராட்டம் முடிந்துவிடவில்லை. ஸ்டாலின் காலத்துச் சிறைமுகாம்களின் வரலாற்றைச் சொன்ன மாஸ்கோவின் குலாக் வரலாற்று அருங்காட்சியகம், தீப்பாதுகாப்புக் குறைபாடு என்ற காரணத்தின் பேரில் 2024 நவம்பரில் மூடப்பட்டது. பயணிக்குத் திறந்திருக்கும் கதவுகள் மட்டுமே கண்ணில் படும். மூடிய கதவுகளையும் அறிந்துகொண்டு போவது நம் கடமை.

போகிறவர்களுக்கு நடைமுறையாகச் சிலவற்றைச் சொல்கிறேன். பெரும்பாலான பெரிய அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை. போகுமுன் ஒவ்வொன்றுக்கும் உறுதிசெய்துகொள்ளுங்கள். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்தால் வரிசையில் நிற்க வேண்டாம். மேல்கோட்டையும் பெரிய பைகளையும் உடுப்பறையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பழைய மரத்தரை உள்ள இடங்களில் காலணிமேல் உறை மாட்டச் சொல்வார்கள். விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்கள் 2022-ல் ரஷ்யாவில் சேவையை நிறுத்திக்கொண்டன. நம் வங்கி அட்டைகள் வேலை செய்யும் என்று நம்பிப் போகாதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பெரிய கலைக்கூடம், அதோடு ஒரு சிறிய வீடு. அதற்கு மேல் வேண்டாம். கலைக்கூடத்தில் பத்துப் படங்களைத் தேர்ந்துகொண்டு, ஒவ்வொன்றின் முன்னும் பத்து நிமிடமாவது நில்லுங்கள்.

கூடங்களின் மூலையில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் மூதாட்டிகளைக் கவனியுங்கள். பலர் ஓய்வு பெற்றவர்கள். சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். படத்துக்கு மிக அருகில் போனால் அதட்டுவார்கள். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே படத்தின் முன் நீங்கள் நெடுநேரம் நிற்பதைக் கண்டால் அவர்களே அருகில் வந்து பேசத் தொடங்குவார்கள். மொழி தெரியாவிட்டாலும் கையைக் காட்டி, விளக்கு ஒளி எங்கிருந்து விழுகிறது, எங்கே நின்றால் நன்றாகத் தெரியும் என்று சொல்வார்கள். வெற்றுச் சட்டகத்தின் முன் நின்று ஓவியம் காட்டிய அந்த வழிகாட்டியின் வழிவந்தவர்கள் இவர்கள்தான்.

நண்பர்களே, பேரரசர்கள் சேர்த்தார்கள், வணிகர்கள் வாங்கினார்கள். ஆனால் இவை நூற்றாண்டுகளைக் கடந்து நம் கண்முன் நிற்பதற்குக் காரணம் காவலர்களும் கணக்கெழுதியவர்களும் சீரமைப்பாளர்களும் வழிகாட்டிகளும். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கையேட்டிலும் இல்லை. அவர்களுடைய ஆட்சியாளர்களோடு நமக்கு எவ்வளவு கருத்து வேற்றுமை இருந்தாலும், அந்த ஊழியர்கள் காத்தது மனிதகுலம் முழுமைக்கும் உரிய செல்வம். ஆகவே போகும்போது விலைமதிப்பைக் கேட்காதீர்கள், காத்தவர்களைக் கேளுங்கள். நீங்கள் திரும்பி வந்து பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் அரண்மனையின் தங்க முலாம் ஒரு வாக்கியமாக இருக்கட்டும். ஓர்பெலியும் குப்செவ்ஸ்கியும் ட்ரெத்யாகோவும் மெர்வார்த்தும் முழுக்கதையாக இருக்கட்டும். பொருளைக் காப்பதும் அறிவின் வேலைதான், அதற்கும் துணிவு வேண்டும் என்று அந்தப் பிள்ளைகள் அறிந்துகொள்வார்கள்.